ரிவ்யூவில் பாராட்டு, ஓனரிடம் புலம்பல்: இரண்டும் எப்படி ஒரே காரைப் பற்றியதாக இருக்க முடியும்?

குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கலாம் என்று இறங்குகிற யாரும் இந்தக் குழப்பத்தைத் தாண்டாமல் போனதில்லை. புதிதாக வந்த ஒரு காரைப் பத்திரிகைகளும் யூடியூப் சேனல்களும் ஒரே குரலில் கொண்டாடுகின்றன. சரி, இதையே புக் பண்ணிடலாம் என்று முடிவெடுக்கும் நேரத்தில், அதே காரை மூன்று வருடமாக வைத்திருக்கும் ஒருவர் வந்து, "வாங்கிடாதீங்க சார், கியர்பாக்ஸை ரெண்டு தடவை இறக்கியாச்சு" என்கிறார். உடனே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி, ரிவ்யூ செய்கிறவர்கள் எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள் என்று சொல்லும். இன்னொரு கட்சி, அந்த மனிதருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லும்.

இரண்டு பதிலுமே சோம்பேறித்தனமான பதில் என்பது என் கருத்து. ஐந்து வருடம், ஏழு வருடம் தவணை கட்டப்போகிற ஒரு குடும்பம் இப்படி ஒரு பக்கத்தைப் பொய்யாக்கிவிட்டு முடிவெடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான நேரங்களில் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தான் வேறு வேறு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

வாடகை வீடு பார்க்கப் போவது மாதிரி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள், ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது, ஹால் பெரிதாக இருக்கிறது, அடுப்படியில் இரண்டு பேர் நிற்கலாம். இருபது நிமிடத்தில் இவ்வளவும் தெரிந்துவிடும், எல்லாமே உண்மைதான். ஆனால் மே மாதம் போர்வெல்லில் தண்ணீர் இருக்குமா, ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் ஊறுமா, மேல் வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போடுவாரா என்பதெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் தெரிய வாய்ப்பே இல்லை. அதைக் குடியிருந்தவர்தான் சொல்ல முடியும்.

அதே சமயம், குடியிருந்தவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வீடுதான். இந்த வாடகைக்கு இந்த ஏரியாவில் இதைவிட நல்ல வீடு கிடைக்குமா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அது நாற்பது வீடு பார்த்தவருக்குத் தெரியும். ரிவ்யூ எழுதுகிறவர் அந்த நாற்பது வீடு பார்த்தவர், ஓனர் அந்த ஒரு வீட்டில் குடியிருந்தவர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ரிவ்யூ எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கிறது

ஒரு புதிய கார் வரும்போது நிறுவனம் பத்திரிகையாளர்களையும் யூடியூபர்களையும் ஓர் ஊருக்கு அழைக்கும். இதற்கு மீடியா டிரைவ் என்று பெயர். நல்ல சாலை, நல்ல வானிலை, தங்க நல்ல ஹோட்டல். ஆளுக்கு ஒரு கார், சில மணி நேரம் அல்லது ஒரு முழு நாள். யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக, இன்ன தேதி இன்ன மணிக்கு முன்னால் எதையும் வெளியிடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் இருக்கும், அதைத்தான் எம்பார்கோ என்கிறார்கள். ஒரே நாளில் ஒரே நேரத்தில் இருபது வீடியோ வந்து விழுவதற்குக் காரணம் இதுதான், எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டது இல்லை. அப்புறம் சில வாரம் கழித்து, நிறுவனம் பராமரித்து வைத்திருக்கும் காரை இன்னும் சில நாட்களுக்குக் கொடுப்பார்கள்.

இந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் நிறையவே கண்டுபிடித்துவிடுவார். பின் சீட்டில் முழங்காலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, டிக்கியில் எத்தனை பெட்டி போகும், குண்டும் குழியுமான சாலையில் உள்ளே எவ்வளவு குலுங்குகிறது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றுச் சத்தம் எப்படி, பிரேக் அழுத்தினால் எத்தனை மீட்டரில் நிற்கிறது, இதே விலையில் இருக்கும் மற்ற நான்கு கார்களோடு ஒப்பிட்டால் எது மேல் என்று சொல்வார். இந்த ஒப்பீட்டை ஓனரால் செய்யவே முடியாது. வருடத்துக்கு ஐம்பது கார் ஓட்டுகிறவரின் கைக்கும் காதுக்கும் ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

சரி, காசு விஷயம்? கார் நிறுவனங்களின் விளம்பரம்தான் பல பத்திரிகைகளுக்கும் சேனல்களுக்கும் பெரிய வருமானம். கடுமையாக எழுதினால் அடுத்த அழைப்பு வராமல் போகலாம் என்ற பயமும் இருக்கும். இதனால் வார்த்தைகள் மென்மையாகிவிடும், குறைகள் கடைசிப் பத்திக்குப் போய்விடும், இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சல்லிக்காசு வாங்காத, யாருக்கும் பயப்படாத ஒருவரிடம் அதே காரை மூன்று நாள் கொடுத்தாலும், 30,000 கிலோமீட்டரில் வரப்போகிற கோளாறை அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? நேர்மை எவ்வளவு இருந்தாலும் அந்தக் கோளாறு அவர் கண்ணில் படாது, அது இன்னும் பிறக்கவே இல்லை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ரிவ்யூ என்பது அந்தக் கார் புதிதாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதற்கான பதில். காலம் போகப் போக அது எத்தனை தடவை மக்கர் பண்ணும் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவதற்குத்தான் நம்பகத்தன்மை என்று பெயர்.

ஓட்டுவதற்கு அருமை, வைத்திருப்பதற்குக் கஷ்டம்: ஒரு நிஜக் கதை

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் ஃபோர்டின் பவர்ஷிப்ட் கியர்பாக்ஸ். 2010-களின் தொடக்கத்தில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் வந்தது. ஃபியஸ்டாவையும் ஃபோகஸையும் ஓட்டிப் பார்த்த எழுத்தாளர்கள் அவற்றின் ஸ்டீயரிங்கையும் வளைவில் திரும்பும் விதத்தையும் மனதாரப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பொய் இல்லை, அந்தக் கார்கள் உண்மையிலேயே நன்றாக ஓடும். செங்கல்பட்டு மாவட்டம் மறைமலைநகரில் தயாராகி 2013-இல் இந்தியச் சந்தைக்கு வந்த எக்கோஸ்போர்ட்டின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் இதே பவர்ஷிப்ட்தான் இருந்தது.

இதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்கு அனுப்பும் வழியில், தேவைப்படும்போது சேர்ந்து தேவைப்படும்போது பிரியும் ஒரு தட்டு உண்டு, அதுதான் கிளட்ச். சாதாரண காரில் அதை நாம் இடது காலால் இயக்குகிறோம். பவர்ஷிப்டில் அந்த மாதிரி இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5 கியர்களுக்கு, மற்றொன்று 2, 4, 6 கியர்களுக்கு. நீங்கள் மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும், ஒரு கிளட்ச் விட மற்றொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் கியர் மாறுவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், எரிபொருளும் மிச்சமாகும். இந்த வகைக்கு டியூயல் கிளட்ச் என்று பெயர். இதிலேயே கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடி இருப்பது ஒரு வகை, எண்ணெய் இல்லாமல் உலர்ந்த தட்டாக இருப்பது இன்னொரு வகை. பவர்ஷிப்ட் இந்தக் கார்களில் உலர் வகை.

இப்போது இரண்டு சாலைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று மீடியா டிரைவ் நடக்கும் திறந்த சாலை. கியர் மாறுகிறது, கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது, வேலை முடிந்தது, தட்டு சூடாகவே இல்லை. இன்னொன்று மாலை ஆறரை மணிக்குக் கத்திப்பாராவில் தொடங்கி வேளச்சேரி வரைக்கும் ஊர்ந்து போகும் சாலை. பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. ஒவ்வொரு பத்தடிக்கும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல், பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கிக்கொண்டே காரை நகர்த்த வேண்டியிருக்கிறது. வழுக்கினால் உராய்வு, உராய்ந்தால் சூடு, அந்தச் சூட்டை எடுத்துப் போக எண்ணெய் கிடையாது. இதோடு, கியர்கள் இருக்கும் பகுதியிலிருந்து சீல் வழியாகக் கசிந்து தட்டில் படிந்த எண்ணெய், தட்டில் பயன்படுத்திய பொருள், கட்டுப்படுத்தும் மின்னணு மாட்யூல் என்று வேறு குறைகளும் சேர்ந்துகொண்டன. மெதுவாகக் கிளம்பும்போது கார் முழுக்க அதிர்வது, கியர் விழத் தயங்குவது என்று ஓனர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமான இடம். ஆஸ்திரேலியாவில் அந்தப் புகார்களைக் கையாண்ட விதம் நீதிமன்றம் வரை போனது. அதிர்வு வருவது உங்கள் ஓட்டும் பழக்கத்தால்தான் என்று பலருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். 2018 ஏப்ரலில் அந்த நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம், ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வாடிக்கையாளர்களின் புகார்களை நியாயமற்ற முறையில் கையாண்டதற்காக ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் வீட்டு விவாதத்தில் "அந்த ஆளுக்கு ஓட்டத் தெரியல" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம் என்பதை இங்கே கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2017 நவம்பரில் எக்கோஸ்போர்ட் புதிய முகத்தோடு வந்தபோது, பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் டியூயல் கிளட்ச் போய், எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் வந்திருந்தது.

இது ஒரு நிறுவனத்தின் பிரச்சினை மட்டும் இல்லை. 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வாகனின் டியூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றிய ஓனர்களின் புகார்களைக் காட்டிய சில நாட்களில், அந்நிறுவனம் அங்கே 3,84,181 கார்களைச் சரிசெய்து கொடுப்பதற்காகத் திரும்ப அழைத்தது. அதற்காக டியூயல் கிளட்ச் என்றாலே ஓடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நனைந்த கிளட்ச் வகை பொதுவாக நன்றாக உழைக்கிறது. ஒரே பாகம் ஒரு சாலையில் மகிழ்ச்சியும் இன்னொரு சாலையில் தலைவலியும் தர முடியும், ரிவ்யூ நடப்பது பெரும்பாலும் முதல் சாலையில்.

சூடு மட்டும் இல்லை, குளிரும்தான்

ஹோண்டா சிஆர்-வி உலகம் முழுக்கக் குடும்பங்கள் நம்பி வாங்கும் கார். அதன் ஐந்தாம் தலைமுறை அமெரிக்காவில் மோட்டார் டிரெண்ட் பத்திரிகையின் 2018-ஆம் ஆண்டின் சிறந்த எஸ்யுவி விருதை வாங்கியது. அந்தப் பத்திரிகை கலிஃபோர்னியாவை மையமாகக் கொண்டது, வெயில் ஊர். அதே 2018-இல்தான் வட சீனாவிலும், அமெரிக்கா, கனடாவின் குளிர்ப் பிரதேசங்களிலும் இதன் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் பற்றிய புகார்கள் பெரிதாக வெடித்தன. எஞ்சின் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது, காருக்குள் பெட்ரோல் வாடை வருகிறது என்றார்கள்.

காரணம் இதுதான். இந்த எஞ்சினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. கடுங்குளிரில் சிலிண்டர் சுவர் சில்லென்று இருக்கும்போது, தெளித்த பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி கீழே எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் சூடாகி, கலந்த பெட்ரோல் ஆவியாகி மேலே போய் எரிந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிற குடும்பத்தின் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. கலந்தது கலந்தபடியே சேர்ந்துகொண்டு போகும். சீனாவில் ஹோண்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது, அமெரிக்காவில் உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது.

நம் ஊரில் பனி கிடையாது, ஆனால் இதற்கு ஓர் உறவுக்காரப் பிரச்சினை உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகைக்கான பிஎஸ்6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, சுருக்கமாக டிபிஎஃப் என்பார்கள். அதில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாக வேண்டுமென்றால் புகைக்குழாய் மிகவும் சூடாக வேண்டும், அதற்குக் கார் கொஞ்ச நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் பயணம் செய்கிறவருக்கு இது தானாக நடந்துவிடும், இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. தினமும் நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். ரிவ்யூ செய்கிறவர் டீசல் காரை எங்கே ஓட்டுவார்? நெடுஞ்சாலையில்தான்.

சுருக்கமாக, கோளாறு காரில் மட்டும் இருப்பதில்லை. காரும், ஊரும், ஓட்டும் முறையும், காலமும் சேரும் இடத்தில் அது வருகிறது. ரிவ்யூவில் கார் மட்டும்தான் நம் காரோடு ஒன்றாக இருக்கிறது, மற்ற மூன்றும் வேறு.

அப்போ ஓனர்கள் சொல்வதை அப்படியே நம்பலாமா

இங்கேதான் பலரும் மறுபக்கம் சாய்ந்து விழுகிறார்கள். ஓனர்களின் அனுபவம் உண்மை, ஆனால் நம் காதுக்கு வந்து சேரும் அனுபவங்கள் மொத்த ஓனர்களின் அனுபவம் இல்லை. வாடகை வீட்டிலும் அப்படித்தானே, அட்வான்ஸ் தகராறில் காலி செய்தவர்தான் தெருவெல்லாம் சொல்வார், நிம்மதியாகக் குடியிருப்பவர் யாரிடமும் போய் "எங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறது" என்று சொல்ல மாட்டார். இப்படிச் சொல்ல விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சொல்வதால் படம் ஒருபக்கம் சாய்வதைத்தான் தேர்வுச் சாய்வு என்கிறோம்.

அடுத்தது, பள்ளியில் படித்த பின்னம். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. புகார்களின் எண்ணிக்கை தொகுதி, விற்ற கார்களின் எண்ணிக்கை பகுதி. கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு கார் 2,00,000 விற்றது, அதில் நூறில் ஒன்றுக்குக் கோளாறு, ஆக 2,000 பேர் கோபமாக இருக்கிறார்கள். இன்னொரு கார் 5,000-தான் விற்றது, நூறில் பத்துக்குக் கோளாறு, ஆக 500 பேர் கோபமாக இருக்கிறார்கள். வெளியில் கேட்கும் சத்தத்தை மட்டும் வைத்தால் முதல் கார் நான்கு மடங்கு மோசம். உண்மையில் இரண்டாவது கார்தான் பத்து மடங்கு மோசம். நிறைய விற்கும் கார்களுக்கு எப்போதும் நிறையப் புகார் இருப்பது போலத் தோன்றுவதும், யாரும் வாங்காத காருக்குப் புகாரே இல்லாதது போலத் தோன்றுவதும் இதனால்தான். இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயத் திரும்ப அழைப்பு விதிகளும் புகார்களின் எண்ணிக்கையை அந்த மாடலின் விற்பனையோடு சேர்த்துத்தான் பார்க்கின்றன.

மூன்றாவது விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. கோபமான ஓனர் மாதிரியே மகிழ்ச்சியான ஓனரும் நம்மைத் திசைதிருப்ப முடியும். பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய காரைப் பற்றி முதல் மூன்று மாதத்தில் ஒருவர் தவறாகச் சொல்வது அபூர்வம். தன் முடிவு சரி என்று நினைக்க எல்லோருக்குமே ஆசை இருக்கும், மாமனார் வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டு வாங்கியிருப்பார். அந்தக் காலத்தில் ஓனரின் வாயிலிருந்து வருவது கிட்டத்தட்ட இன்னொரு ரிவ்யூதான், அதுவும் நாற்பது கார் ஓட்டிப் பார்த்த அனுபவம் இல்லாதவரின் ரிவ்யூ.

கோளாறு எப்போது வரும்

பொறியியலில் குளியல் தொட்டி வளைவு என்று ஒன்று சொல்வார்கள். நேர்க்கோடாக வருடங்களைக் கீழே போட்டு, கோளாறு வரும் வாய்ப்பை மேலே வரைந்தால் அது ஒரு தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும். தொடக்கத்தில் உயரம், ஏனென்றால் தொழிற்சாலையில் சரியாகப் பொருத்தாதது, பழுதான சென்சார் எல்லாம் முதல் சில மாதத்தில் வெளியே வந்துவிடும். நடுவில் நீண்ட தட்டையான பகுதி, எப்போதாவது எதாவது வரும். கடைசியில் மறுபடி ஏறும், அது தேய்மானம்.

எல்லா பாகங்களும் இதைப் பின்பற்றும் என்று இல்லை, ஆனாலும் ஒரு தெளிவு கிடைக்கிறது. முதல் மாதத்தில் மியூசிக் சிஸ்டம் போனது என்று ஒருவர் சொன்னால் அது தொட்டியின் இடது ஓரம், மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்த கதை. மூன்றாம் வருடத்தில், 40,000 கிலோமீட்டர் பக்கத்தில், ஒரே பாகம் பலருக்கும் போகிறது என்றால் அந்தப் பாகத்தின் வலது ஓரம் சீக்கிரமே வந்துவிட்டது என்று அர்த்தம். உத்தரவாதம் முடிகிற இடத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், செலவு யார் தலையில் விழும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

தரவரிசைகள் எதை எண்ணுகின்றன

"தரத்தில் முதலிடம்" என்று விளம்பரத்தில் போடுவார்கள். எந்தத் தரம் என்று கேட்க வேண்டும். ஜே.டி. பவர் என்ற அமெரிக்க நிறுவனம் இரண்டு வெவ்வேறு ஆய்வுகள் நடத்துகிறது. ஒன்று, வாங்கிய முதல் 90 நாட்களில் ஓனர்கள் சொல்லும் குறைகள். இன்னொன்று, மூன்று வயதான கார்களின் குறைகள். இரண்டிலும் நூறு கார்களுக்கு எத்தனை குறை என்றுதான் கணக்கு. இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் முதலாவது தொட்டியின் இடது ஓரத்தை மட்டுமே பார்க்கிறது.

அதுவும் இல்லாமல், குறை என்று எழுதுவதில் உடைந்துபோனதும் சேரும், பயன்படுத்தக் கஷ்டமானதும் சேரும். 2011-இல் முதல் 90 நாள் ஆய்வில் ஃபோர்டு 5-ஆம் இடத்திலிருந்து 23-ஆம் இடத்துக்கு விழுந்தது. அதற்கு ஒரு பெரிய காரணம் புதிதாகக் கொண்டுவந்த தொடுதிரை அமைப்பு, அதைப் பயன்படுத்துவதே மக்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. எரிச்சல் என்னமோ நிஜம்தான், ஆனால் நடுவழியில் நிற்பதும் திரை மெதுவாக வேலை செய்வதும் ஒரே கணக்கில் விழுந்தால் படிக்கிறவர் கவனமாகப் படிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த முறை 1936-இல் தொடங்கப்பட்ட கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு செய்வது. அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் ஷோரூமில் காசு கொடுத்துக் காரை வாங்கிச் சோதிக்கிறார்கள், நிறுவனத்திடம் விளம்பரம் வாங்குவதில்லை. அதோடு, சந்தாதாரர்களிடம் அவர்கள் வைத்திருக்கும் கார்களில் கடந்த ஒரு வருடத்தில் என்ன கோளாறு வந்தது என்று கேட்டு, இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். சந்தோஷமாக இருப்பவரிடமும் அதே கேள்வித்தாள் போவதால் பகுதி எண் கையில் இருக்கிறது. நாற்பது வீடு பார்த்தவரையும் குடியிருந்தவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்த மாதிரி. நம் ஊரில் இப்படி ஒன்றை யாராவது பெரிய அளவில் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை

இதே குழப்பம் மைலேஜிலும் உண்டு. ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) மைலேஜ் என்று சொல்லும் எண், சாலையில் ஓட்டி எடுத்தது இல்லை. சோதனைக்கூடத்தில், சக்கரத்தைச் சுழலும் உருளைகள் மேல் நிறுத்தி, ஏசி போடாமல், வகுத்து வைத்த ஒரு வேகக் கணக்குப்படி ஓட்டி அளக்கும் எண். அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஏமாற்று என்று இதைச் சொல்ல முடியாது, எல்லாக் கார்களுக்கும் ஒரே பரீட்சை என்பதால் இரண்டு கார்களை ஒப்பிட இது உதவும். உங்கள் ஊரில் என்ன கிடைக்கும் என்பதற்கு, டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்த ஓனரைக் கேளுங்கள். டேஷ்போர்டு திரையைப் பார்த்துச் சொல்கிறவரின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாரிடம் எதைக் கேட்பது

இருக்கை, இடவசதி, சத்தம், சஸ்பென்ஷன், ஓட்டும் சுகம், போட்டிக் கார்களோடு ஒப்பீடு, இதற்கெல்லாம் ரிவ்யூவைப் படியுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. பாதுகாப்புக்கு ரிவ்யூவும் வேண்டாம், ஓனரும் வேண்டாம். கதவு கனமாக மூடுகிறது, தகடு உறுதியாக இருக்கிறது என்று ஓனர் சொல்வது மோதலில் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி ஆகாது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் மோதல் சோதனை நடக்கிறது, அந்த மாடலுக்கு முடிவு வந்திருந்தால் பெரியவர்களுக்கு எத்தனை, குழந்தைகளுக்கு எத்தனை என்று இரண்டு மதிப்பெண்ணையும் பாருங்கள்.

நம்பகத்தன்மைக்கு மட்டும் ஓனர்களைத் தேடிப் போங்கள், ஆனால் நீங்கள் வாங்கப்போகும் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் வைத்திருப்பவரையே தேடுங்கள். ஒரே பெயருள்ள காரில் பெட்ரோல் மேனுவலும் டர்போ ஆட்டோமேட்டிக்கும் கிட்டத்தட்ட இரண்டு வேறு வண்டிகள், ஒன்றின் புகழ் மற்றதற்கு ஒட்டாது. முற்றிலும் புதிய மாடல் என்றால் கேட்பதற்கு ஓனரே இருக்க மாட்டார். ஆனால் அதே எஞ்சினும் கியர்பாக்ஸும் அந்த நிறுவனத்தின் பழைய மாடல் ஒன்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம், அதன் ஓனரைக் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால், அவசரம் இல்லாத குடும்பம் ஒரு வருடம் பொறுப்பது நல்லது.

கேட்கும்போது "வண்டி எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" அல்லது "வேஸ்ட்" என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, தினமும் எந்த மாதிரி சாலையில் எவ்வளவு தூரம், சாதாரண சர்வீஸ் தவிர எதற்காவது பட்டறைக்குப் போனதா, எந்தப் பாகம், எத்தனை கிலோமீட்டரில், உத்தரவாதத்தில் மாற்றினார்களா, கைக்காசு எவ்வளவு போனது, மாற்றிய பிறகு மறுபடி வந்ததா என்று கேளுங்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத மூன்று நான்கு பேர் ஒரே பாகத்தை, ஏறக்குறைய ஒரே கிலோமீட்டரில் சொன்னால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று சொன்னால் அது பெரும்பாலும் எந்தக் காரிலும் இருக்கிற சில்லறைத் தொல்லை.

அப்புறம் டெஸ்ட் டிரைவ். ஷோரூம்காரர் காலியான ரோட்டில் ஒரு ரவுண்டு கூட்டிப் போய் நிறுத்தப் பார்ப்பார். நீங்கள் தினமும் போகிற வழியில், தினமும் போகிற நேரத்தில், ஏசி போட்டு, பின் சீட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்று கேளுங்கள். கொஞ்சம் தயங்குவார்கள், விடாமல் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதிர்கிறதா என்று பாருங்கள். ஒரு பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்பும்போது தயங்குகிறதா என்றும் பாருங்கள்.